கடைசித் தண்ணீர் கிடைத்த வீடு

போன மாதம் எங்கள் தெருவில் குழாய்க் குழிகளை மூடினார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி, அதன் அடியில் ஒரு குழாய், தண்ணீர் வரும் நாளில் உள்ளே இறங்கிக் குடத்தை நிரப்பி மேலே நிற்பவரிடம் தூக்கிக் கொடுப்பது என்று விருதுநகரில் நாங்கள் பிழைத்த பிழைப்பு ஒருவழியாக முடிந்தது. இப்போது வாசலுக்கு வாசல் முட்டி உயரத்துக்குப் புதுக்குழாய் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். நானும் போய் நின்றேன். அவர் கொடுத்த தேங்காயைத் தின்றேன், தண்ணீரைக் குடிக்கவில்லை.

அந்த வாரம்தான் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியோடு ஊர் ஊராகப் போகப் பயிற்சி எடுக்கிற பெண்கள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் ஆமத்தூர்ப் பெண் ஒருத்தி கொஞ்சம் வாயாடி. "அம்மா, குழியில அப்படி என்னதான் இருக்குன்னு எல்லாரும் இம்புட்டுப் பயப்படுறீக? நாங்கள்லாம் அதுல எறங்கித்தான் தண்ணி பிடிச்சோம். நல்லாத்தான இருக்கோம்?" என்று கேட்டாள். டீயைக் குடித்துக்கொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. பிறகு எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். எழுதுகிறேன்.

வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்ததும் என் கணவர் என் இலைக்குப் பக்கத்து டம்ளரைத் தானே கவிழ்த்து வைத்துவிடுவார். "இவ குடிக்க மாட்டா. ஊத்திட்டு வேற ஏன் வாங்கிக் கட்டிக்கிடணும்" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் என் காலம் முழுக்க உதவியாளராக இருந்தேன். பயம் எனக்குச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்த சாமான். ஓய்வு பெறும்போது திருப்பி வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

சேர்ந்த புதிதில் நடந்ததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டில் கழுவினேன், கழுவிய பாட்டிலை மறுபடி கழுவினேன். மற்றதெல்லாம் வசந்தா மேடத்திடம் கற்றது. அவர் எங்கள் தலைமை வேதியியலர். கோபம் வந்தால் எல்லாருக்கும் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். அவர் மெதுவாகப் பேசத் தொடங்கினால் ஜீப் டிரைவர் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிப் போய் நின்றுகொள்வார். யாரையும் 'நீ' என்று சொன்னதில்லை. கலெக்டர் ஆபீஸ் அதிகாரியும் பாட்டில் கழுவுகிற நானும் அவருக்கு 'நீங்க'தான்.

தண்ணீரை அவர் முதலில் முகர்வார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நாக்கில் மட்டும் வைக்கவே மாட்டார். ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டு வாசலை மிதித்தவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்காமல் விடுவார்களா? வாங்காவிட்டால் சாதி பார்க்கிறார்கள் என்று முகம் சுண்டிப்போகும். வாங்கிக் குடித்தால் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தானே வந்திருக்கிறோம்? மேடம் இரண்டு கையாலும் செம்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "இன்னைக்கு எனக்கு விரதம்மா, தப்பா நினைக்காதீங்க" என்பார். வாரத்தில் எல்லா நாளும் அவருக்கு விரதம்தான். ஒருமுறை ஒரு கிழவர், "எந்தச் சாமிக்கு இம்புட்டு விரதம்?" என்று கேட்டுவிட்டார். "எல்லாச் சாமிக்கும்தான் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

'நல்ல தண்ணீர்' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஒரு ஊர்த் தலைவர் கெஞ்சினார்: "மேடம், சனம் பயந்து கெடக்கு. தண்ணி நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்." மேடம் குரல் இறங்கியது. "இன்னைக்கு எடுத்த பாட்டில்ல குற்றம் தெரியலை. நாளைக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியாது. பயப்படட்டும். பயந்தாத்தான் கொதிக்க வைப்பாங்க."

பாட்டிலில் தண்ணீர் எடுப்பது எப்படி என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். கேட்க எளிய வேலைதான். குழாய் மூக்கைத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி மூக்கைச் சுற்றிச் சுட வேண்டும். கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்து ஓடவிட வேண்டும், தண்ணீர்ப் பஞ்சத்தில் வாழ்கிற வீட்டுக்காரர் அதற்கே நம்மை வைவார். பாட்டிலின் மூடியைக் கீழே வைக்கக் கூடாது, உட்பக்கத்தில் விரல் படக் கூடாது, பாட்டிலுக்கு மேல் குனிந்து பேசக் கூடாது. கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு மூடிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். நம் கை அழுக்கு அதில் விழுந்தால் நல்ல ஊருக்குக் கெட்ட பெயர். பெட்டி சூடாகிவிட்டால் கெட்ட ஊருக்கு நல்ல பெயர். இரண்டாவதை நினைத்துத்தான் வழியில் பனிக்கட்டி வாங்கி வாங்கிப் போடுவேன். இத்தனைக்குப் பிறகும் பாட்டில் சொல்வது அந்த ஒரு குழாயைப் பற்றி, அந்த ஒரு நேரத்தைப் பற்றி மட்டும்தான்.

இனி அந்தத் தெருவுக்கு வருகிறேன். சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற பக்கம் இருக்கிறது. அங்கே இன்னும் ஆட்கள் குடியிருப்பதால் தெருவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த நேரம். பாதித் தெரு பட்டாசுக் கம்பெனிக்கும் மீதித் தெரு பிரஸ்ஸுக்கும் போகிறது. தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வரும்.

மஞ்சள் காமாலை முதலில் ஒரு பிரஸ் தொழிலாளிக்கு வந்தது. பிறகு எதிர்வீட்டில் இரண்டு பேருக்கு. பிறகு வீட்டுக்கு ஒருவர் என்று படுக்க ஆரம்பித்தார்கள். ஊரில் ஒரே பேச்சு: "பூமிக்குள்ள மருந்து எறங்கிருச்சு." எங்கள் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குப் போடுகிற ரசாயனம். மருந்து என்று சொன்னாலே பயப்படுகிற ஊர் அது. வெடித்துச் செத்தவர்கள் இல்லாத தெரு கிடையாது. மேடமும் நானும் ஜீப்பில் போய் இறங்கியபோது கூட்டம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போடாத கூட்டம்தான் எனக்குப் பயம்.

அங்கிருந்த சுகாதார நிலைய டாக்டர் மேடத்தைத் தனியாக அழைத்துப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். "இது கழிவு கலந்த தண்ணியில வர்ற காமாலை மேடம். மத்தவங்களுக்கு ஓய்வெடுத்தா சரியாயிரும். மாசமா இருக்கிற பொண்ணுகளை மட்டும் சும்மா விடாது. உயிருக்கே வந்துரும். குடிச்ச உடனேயும் தெரியாது, வாரக்கணக்கா உள்ள கிடந்துட்டு அப்புறம்தான் கண்ணுல மஞ்சள் காட்டும்."

நர்ஸ் வீடு வீடாகப் போய், யாராவது மாசமாக இருக்கிறார்களா என்று விசாரித்தார். தெருவின் கடைசி வீட்டில் மாரீஸ்வரி என்ற பெண் இருந்தாள். எட்டாவது மாதம். தலைப்பிள்ளை.

சோதனைக்காகக் கொஞ்ச நேரம் வால்வைத் திறக்கச் சொல்லி, நாங்கள் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தொடங்கினோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டுச் சோதனைத் திரவம் விடுவோம். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது, கிருமிக்கு வேலை இல்லை. தொட்டியில் நல்ல மஞ்சள். தெரு முனையில் மஞ்சள். நடுத்தெருவில் வெளிறிப்போனது. மாரீஸ்வரி வீட்டுக் குழாயில் நிறமே வரவில்லை. மேடம் மறுபடி செய்யச் சொன்னார். செய்தேன். வெறும் தண்ணீர் வெறும் தண்ணீராகவே நின்றது. வழியில் ஏதோ ஒன்று நுழைந்து குளோரினை முழுக்கத் தின்றிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

மாரீஸ்வரி பயந்த பெண் இல்லை. சிரித்த முகம். "உள்ள வாங்கக்கா, உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து அடியைக் காட்டினாள். "இங்கன பாருங்க, தெளிஞ்ச பிறவு இப்படிப் படியுது. நான் துணியில வடிகட்டித்தான் குடிக்கேன். ஒண்ணும் பண்ணாதுல்ல?"

வாளியின் அடியில் மெல்லிய வெள்ளிப் பொடி மின்னியது. மேடம் விரலால் தொட்டுத் தேய்த்தார். விரல் நுனி வெள்ளியாகிவிட்டது. அலுமினியப் பவுடர். மத்தாப்பு, கம்பி மத்தாப்பு, பூச்சட்டி எல்லாவற்றுக்கும் போடுவது. மாரீஸ்வரியின் கணவன் பிரஸ்ஸில் காலண்டர் அடிக்கிறான். வீட்டில் யாரும் பட்டாசுக்குப் போவதில்லை. பவுடர் குழாய் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

"இந்த வீட்டுல தண்ணி எப்ப பிடிப்பீங்க?" என்று மேடம் கேட்டார்.

"எல்லாரும் பிடிக்கயிலதான். ஆனா எங்க வீட்டுல மட்டும் தண்ணி நின்ன பிறவும் கொஞ்ச நேரம் வரும் மேடம். தெருவே குடத்தைத் தூக்கிட்டு இங்க வந்துரும். பட்டாசுக்குப் போயிட்டு வர்ற பொம்பளைகளுக்கு அந்தக் கடைசித் தண்ணிதான். ராசியான வீடும்பாக" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

மேடம் எழுந்தார். வெளியே வந்ததும் என்னிடம் மிக மெதுவாகக் கேட்டார். "வால்வை அடைச்ச பிறகு வர்ற தண்ணி எங்கே இருந்து வருது?"

நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். தெரு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிறது. கடைசி வீடு பள்ளத்தில். மேலே வால்வை அடைத்ததும் குழாய்க்குள் மிச்சமிருக்கிற தண்ணீர் பள்ளத்து வீட்டு வழியாக வடியும். வடியும்போது குழாய் காலியாகும். காலியாகிற குழாய், வழியில் எந்த வீட்டுக் குழாய் திறந்து கிடக்கிறதோ அதன் வழியாக உறிஞ்சும். அங்கே காற்று இருந்தால் காற்றை உறிஞ்சும். குழி நிறையத் தண்ணீர் நின்றால் அந்தத் தண்ணீரை உறிஞ்சும். மாரீஸ்வரி வீட்டில் தெருவே வரிசையில் நின்று பிடித்த கடைசித் தண்ணீர் தொட்டித் தண்ணீரே இல்லை.

தெருவில் மேலே ஏறிக்கொண்டே ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்தோம். நடுத்தெருவில் ஒரு குழிக்குப் பக்கத்தில் துவைகல் போட்டு, பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டி மறைத்திருந்தது. குழிக்குள் சாம்பல் நிறத் தண்ணீர். மேலே வெள்ளி மினுக்கம். குழாய் வாயில் திருகு கிடையாது, துணியைத் திணித்து அடைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு எட்டுத் தள்ளி அந்த வீட்டுக் கக்கூஸின் உறிஞ்சு குழி. மண் ஈரமாகக் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நிற்க முடியவில்லை. வெள்ளிப் பொடி அந்தக் கழிவு வருகிற வழியைக் காட்டிக்கொண்டிருந்தது. ஊரே அந்த வெள்ளியைப் பார்த்துத்தான் பயந்தது. கொல்லுகிறது கண்ணுக்குத் தெரியாமல் அதனோடு சேர்ந்து போனது.

சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். கையும் முகமும் கழுத்தும் வெள்ளி அடித்த மாதிரி. பேனர் கட்டிய வீட்டுக்காரி பாண்டியம்மாளும் இறங்கினாள். வீட்டு வாசலில் அவள் மகன் அம்மா என்று ஓடி வந்தான். "ஏலே, தொடாத! தள்ளி நில்லு! அம்மா குளிச்சிட்டு வாறேன்" என்று கத்திவிட்டு, வீட்டுக்குள் கால் வைக்காமல் நேரே பேனர் மறைப்புக்குப் போனாள். அவள் புருஷனும் அப்படித்தான். அந்தத் தெருவில் பட்டாசுக்குப் போகிற எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கம். மருந்தோடு வீட்டுக்குள் போகக் கூடாது, பிள்ளையைத் தூக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. வாசலிலேயே குளித்துத் துணியையும் அலசிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நல்ல வழக்கம்தான். அந்தக் குளித்த தண்ணீர் முழுக்கக் குழிக்குள் வடிந்தது. தண்ணீர் நாளில் சரியாக அந்த நேரத்தில்தான் மேலே வால்வை அடைப்பார்கள்.

மேடம் சொன்னதை அந்தத் தெருவில் யாரும் நம்பவில்லை. குழாயில் தண்ணீர் கீழே போகும், எப்படிப் பின்னால் இழுக்கும் என்று வால்வு திறக்கிறவரே சண்டைக்கு வந்தார். அதனால் அடுத்த தண்ணீர் நாளில் எல்லார் முன்னாலும் செய்து காட்டுவது என்று மேடம் முடிவு செய்தார். அன்றைக்கு யாரும் ஒரு சொட்டுக்கூடப் பிடிக்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லி, லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார்.

அன்று சாயங்காலம் வால்வை அடைத்ததும் பாண்டியம்மாள் வீட்டுக் குழியில் ஊதா நிற பெர்மாங்கனேட்டைக் கரைத்து ஊற்றினேன். குழி முழுக்க ஊதாவானது. பிறகு கூட்டம் மொத்தமும் மாரீஸ்வரி வீட்டுக் குழாயைச் சுற்றி நின்றது. தண்ணீர் முதலில் தெளிவாகத்தான் வந்தது. வால்வுக்காரர், "பாத்தீகளா, நான் சொன்னேன்ல" என்றார். அப்படி ஒன்றும் வராமல் போகட்டும் என்று நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் லேசாக ரோஜா நிறம் தட்டியது. பிறகு பட்டென்று ஊதா கொட்டியது.

மாரீஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அந்த அலறலை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது.

கூட்டத்தில் ஒரு பெண் திரும்பி, "ஏண்டி பாண்டியம்மா, ஒன் பீயையும் மூத்திரத்தையுமாடி எங்களுக்கு ஊத்துன?" என்று பாய்ந்தாள். பாண்டியம்மாள் வேலை முடிந்து வந்து நின்றவள், உடம்பெல்லாம் வெள்ளியோடு அப்படியே நின்றாள். "பிள்ள மேல மருந்து படக் கூடாதுன்னுதான இங்கன குளிக்கோம். வேற எங்கன போய்க் குளிக்க?" என்றாள். அதற்குள் ஆளுக்கொரு வார்த்தை விழுந்தது.

மேடம் நடுவில் போய் நின்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "குழாய் போட்டது அரசாங்கம். தண்ணி ஏறலைன்னு குழி தோண்டுனப்ப பார்த்துக்கிட்டு இருந்தது நாங்க. திருகு வைக்காம விட்டது நாங்க. வையணும்னா என்னை வையுங்க." கூட்டம் அடங்கியது. ஆனால் விழுந்த வார்த்தையை யார் எடுக்க முடியும்? பாண்டியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனாள். குளிக்காமலே போனாள்.

அதற்குப் பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. அந்தத் தெருவில் குழிகளை மூடிக் குழாயை மேலே ஏற்றினார்கள். வீட்டுக்கு வீடு திருகு. குளிக்கிற இடத்தைத் தள்ளி வைத்துச் சாக்கடையில் சேர்த்தார்கள். லைன் முழுக்கக் குளோரின் விட்டுக் கழுவினோம். கடைசி வீட்டிலும் மஞ்சள் நிறம் வந்தது. வேறு ஊராக இருந்தால் அதோடு கிளம்பியிருப்போம்.

மாரீஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இனிமே வாறது சரிக்கா. நான் குடிச்சுட்டேனே, அதுக்கு என்ன செய்ய?"

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாட்டிலில் இருக்கிற தண்ணீருக்குச் சோதனை உண்டு. குடித்த தண்ணீருக்குக் கிடையாது. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர், "டாக்டர் சொல்றபடி கேளுங்க, நாங்க வந்து பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார். நல்லாயிரும் என்று சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதன் பிறகு வாராவாரம் அந்தத் தெருவுக்குப் போனோம். ஊருக்குச் சொன்ன காரணம் குளோரின் பார்ப்பது. நான் குழாயைப் பார்ப்பதற்கு முன்னால் மாரீஸ்வரி கண்ணைத்தான் பார்ப்பேன். எங்கள் ஜீப் சத்தம் கேட்டாலே அவள் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் நின்று கீழிமையை விரலால் இழுத்துக் காட்டுவாள். வெள்ளை. ஒரு வாரம் பிழைத்தோம் என்று நினைப்பேன். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. அடுத்த வாரம் என்ன நிறம் இருக்கும் என்றே ஓடும். என் கணவர், "ஒன் சொந்தக்காரியா அவ?" என்று கேட்டார். சொந்தக்காரியாக இருந்தால் கூட அவ்வளவு பயந்திருப்பேனா தெரியவில்லை.

தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேர் படுத்தார்கள், எழுந்தார்கள். பாண்டியம்மாளை நாங்கள் அதிகம் பார்க்கவில்லை. நர்ஸ் பகலில் வரும்போது அவள் கம்பெனியில் இருப்பாள். சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஒருமுறை வேனிலிருந்து இறங்கியவள் எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சுவரோரமாகப் போனாள். மேடம், "பாண்டியம்மா, எப்படி இருக்கீங்க?" என்று கூப்பிட்டுக் கேட்டார். "இருக்கேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தெருவில் அவளோடு யாரும் பேசுவதில்லை என்று மாரீஸ்வரிதான் சொன்னாள். "நான் பேசலாம்னு போனேன்க்கா. என் வயித்தைப் பாத்ததும் கதவைச் சாத்திக்கிட்டா."

மாரீஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். நானும் மேடமும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் குழந்தையைக்கூடப் பார்க்காமல் தாயின் கண்ணைப் பார்த்தேன். பால் மாதிரி வெள்ளை. மேடம் வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்து முகத்தைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டு அழுதார். டிரைவர் இறங்கிப் போய் நின்றுகொண்டார். நானும் அழுதேன். இனித் தூங்கலாம் என்று நினைத்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் நர்ஸ் போன் செய்தார். பாண்டியம்மாள் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டாள். வெக்கை, பசி மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். எழவில்லை. விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

நாங்கள் போனபோது அவள் புருஷன் வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றான். "அஞ்சாவது மாசம் மேடம்" என்றான். "மாசமா இருக்கான்னு தெரிஞ்சா கம்பெனியில நிப்பாட்டிருவாக. சீசன் முடியட்டும், பிறவு சொல்லிக்கிடுவோம்னு ரெண்டு பேருந்தான் பேசி வச்சிருந்தோம். மொதல்ல ஒருநாள் சாயங்காலம் நர்ஸம்மா வந்து கேட்டப்பயும் இல்லைன்னுட்டா." வேலை முடிந்து வந்தால் தங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோயிருக்கும் என்பதால் அவளும் மாரீஸ்வரி வீட்டு வரிசையில்தான் நின்று பிடித்திருக்கிறாள். முதலில் குளிப்பாள், பிறகு குடத்தோடு போவாள். தன் குழியிலிருந்து போன தண்ணீரைத்தான் அவள் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

தெருவில் எல்லார் கண்ணையும் பார்த்தவர்கள் நாங்கள். அவள் மட்டும் நிமிரவே இல்லை. முகத்தில் மஞ்சள் பூசிக் குளிக்கிறவள், கையெல்லாம் வெள்ளிப் பவுடர் படிந்தவள். கண்ணைத் தவிர வேறெதிலும் காமாலை தெரிந்திருக்காது.

ஈரல் கெட்டுவிட்டது, மதுரைக்கு அனுப்புகிறோம் என்று டாக்டர் சொன்னார். மதுரையிலிருந்து அவளும் திரும்பவில்லை, வயிற்றிலிருந்த பிள்ளையும் திரும்பவில்லை. குழியில் அப்படி என்ன பயம் என்று கேட்ட ஆமத்தூர்ப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான்.

ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்காக ஸ்ட்ரெச்சரை வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். மேடம் அவள் கால்மாட்டில் நின்றார், நான் தலைமாட்டில். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் அடர்ந்த மஞ்சள். யார் என்று அடையாளம் கண்டுகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. என் சேலையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அந்தக் கடைசி வீட்டுப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையேக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலைம்மா. நல்லாருக்கா. பொம்பளப்பிள்ள பெறந்துருக்கு" என்றேன்.

சேலையை விட்டுவிட்டாள்.